வீட்டுக்கு அனுப்பிய கேள்வி

அத்தியாயம் பதினொன்று

புகார்க் கடிதம் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. மகள் வந்து நான்கு நாள். இரண்டைப் பற்றியும் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

கடிதத்தைப் பேராசிரியை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். 'வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பள்ளியில் விசாரணை. தவறாமல் வரவும்.' மறந்துவிடக் கூடாது என்றுதான் ஒட்டுகிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அது கணவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. பட்டது. மறுநாள் காலையில் பார்த்தால், கோணலாக இருந்த கடிதம் நேராக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான். என்ன புகார், யார் கொடுத்தது, நீ என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை.

அவர் லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் உத்தியோகம். ஒரு வருடமாக அவருக்கு முன்னறையில்தான் படுக்கை. அவளுடைய குறட்டை என்று காரணம் சொன்னார். முப்பது வருடக் குறட்டை திடீரென்று இப்போதுதான் உங்கள் காதில் விழுந்ததா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. குழந்தைகளோடு தத்துவம் பேசுவது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கு இருபத்தாறு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் அவளே ஆரம்பப் பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகளை வட்டமாக உட்கார வைப்பாள். நியாயம் என்றால் என்ன, எல்லோரும் சொன்னால் அது உண்மையாகிவிடுமா என்று பேச விடுவாள். யார் எதைச் சொன்னாலும், "எதை வச்சு சொல்ற?" என்பாள். 'எதைவச்சு டீச்சர்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒருமுறை வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த இளைஞன், "நீங்க எதைவச்சு டீச்சர்தானே?" என்று முகம் மலர்ந்தான். அடுத்த நிமிடமே, "கையெழுத்து ஒத்துப்போகலையே மேடம்" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தான். "எதை வச்சு சொல்ற?" என்று அவள் கேட்க, வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, சமையலறையில் மகள் டோஸ்ட்டைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது. வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். 'லீவு சேர்ந்திருந்துச்சு, வந்தேன்' என்று ஒரு பெட்டியோடு இறங்கியவள், எத்தனை நாள் லீவு என்று சொல்லவில்லை.

"அப்பா போயாச்சா?"

"ஆறரைக்கே போயிட்டார்."

"இன்னிக்குத்தானேம்மா விசாரணை? நான் வேணா கூட வரட்டுமா?"

"எதுக்கு? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?" என்றாள் பேராசிரியை. சொன்ன வேகத்தில் தேநீர் தளும்பி மேசையில் சிந்தியது. மகள் எழுந்து துணி எடுத்துத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல. நீ போயிட்டு வா. சாயங்காலம் பேசலாம்."

* * *

தத்துவத் துறையில் அவளைப் 'பள்ளிக்கூடத்து அம்மா' என்பார்கள். கல்வியியல் துறையில் 'தத்துவக்காரி'. இரண்டுக்கும் நடுவில், தாழ்வாரத்தின் கோடியில், உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறைக்குப் பக்கத்து அறை அவளுடையது. அந்த நாற்காலி அறையின் சாவியும் அவளிடம்தான். மதிய நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால், சாவிக்காகத்தான் இருக்கும்.

அன்று எட்டரைக்கே அவளுடைய ஆய்வு மாணவி வந்து காத்திருந்தாள். கையில் மடிக்கணினி. கண்ணில் தூக்கம் இல்லாத சிவப்பு.

"மேடம், அந்த ரெகார்டிங்கை இன்னொரு தடவை கேட்டேன்."

"போடு. நானும் கேக்கறேன்."

இரண்டு வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை வகுப்பு. நான்காம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் பெயர் ஆய்வுக் குறிப்பில் வரக் கூடாது என்பதால், வருட ஆரம்பத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயரை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். ராக்கெட், இடி, எலுமிச்சை. எப்போதும் கடைசியில் பேசும் ஒரு பெண் 'ஆமை' என்று வைத்துக்கொண்டிருந்தாள். அன்று வட்டத்தின் நடுவில் பேராசிரியை ஒரு மூடிய அட்டைப் பெட்டியை வைத்திருந்தாள்.

ஒலிப்பதிவில் முதலில் ராக்கெட்டின் குரல். "ஆட்டினா சத்தம் வருது. அப்போ உள்ள என்னமோ இருக்கு."

"சத்தம் வராத சாமானும் இருக்கலாம்ல? தலகாணி இருக்கலாம்" என்றது எலுமிச்சை.

"தொறந்து பாத்துடலாம் டீச்சர்!"

"தொறக்காம என்னென்ன சொல்ல முடியும்னு முதல்ல பாப்போம்." இது அவள் குரல். ஒலிப்பதிவில் எப்போதும் அவளுக்கு அந்நியமாகவே கேட்கும், உற்சாகமான குரல்.

கொஞ்ச நேரம் களேபரம். பிறகு, மைக்கிலிருந்து தள்ளி, ஆமை.

"டீச்சர், நாம தொறக்காத வரைக்கும் உள்ள இருக்கறது இல்லைன்னு வச்சுக்கலாமா?"

"ஏன் அப்படிக் கேக்கற?"

"இல்ல... பெட்டி இல்ல. வேற ஒண்ணு. கேக்காம இருந்தா, அது நடக்காம இருக்குமா?"

அதன் பிறகு ஒலிப்பதிவில் யாரும் பேசவில்லை. யாரோ காலைத் தரையில் தேய்க்கும் சத்தம். மாணவி கணக்கெடுத்து வைத்திருந்தாள், நாற்பத்தொரு விநாடி. அப்புறம் பேராசிரியையின் குரல், ஆனால் அந்த உற்சாகம் இல்லாமல்:

"தெரிஞ்சுக்கணும்னா, வீட்டுல போய் கேட்டுப் பாரேன்."

மாணவி நிறுத்தினாள்.

"மைக்ல சார்ஜ் தீர்ந்துடுச்சுன்னு சொல்லிடலாம் மேடம். முப்பதாவது நிமிஷத்தோட நின்னுடுச்சுன்னு. பசங்க சொல்றதை யார் நம்பப் போறாங்க?"

பேராசிரியை மடிக்கணினியின் மூடியைச் சாத்தினாள்.

"உங்களுக்காக மட்டும் சொல்லல. எனக்கு இன்னும் ரெண்டு டெர்ம் வகுப்பு வேணும். இந்த ஸ்கூல் போச்சுன்னா என் ஆராய்ச்சியே அந்தரத்துல தொங்கும். அதான்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பசங்க சொல்றதை நம்பறதுக்குத்தானே நாம இந்தத் துறையையே ஆரம்பிச்சோம்?" என்றாள் பேராசிரியை மெதுவாக. கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. இந்தத் தாழ்வாரத்தில் சாவி கேட்காமல் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் அவள்தான்.

* * *

தலைமை ஆசிரியை அறையில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்ததால் விசாரணை நூலகத்தில். அங்கே இருந்தவை எல்லாம் ஏழெட்டு வயதுக்கான நாற்காலிகள். பெரியவர்கள் ஐந்து பேரும் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியை, ஒரு பள்ளிக்குழு உறுப்பினர், பல்கலைக்கழகத்திலிருந்து துறைத் தலைவர், ஆமையின் அப்பா, அம்மா. பேராசிரியை ஆறாவது.

ஆமையின் அப்பா பல் டாக்டர். உயரமான மனிதர். கோபத்தில் எழுந்திருக்கப் பார்த்து, நாற்காலியும் கூடவே எழ, திரும்ப உட்கார்ந்தார்.

"வீட்டுல என் அப்பா, அம்மா, தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரர் எல்லாரும் சாப்பிட்டுட்டிருக்கோம். எல்லார் முன்னாடியும் கேக்கறா. 'அப்பா, நீங்க ஏன் வாரத்துல மூணு நாள் கிளினிக்லயே தூங்கறீங்க?'ன்னு. வேலை அதிகம்மான்னு சொன்னேன். விட்டாளா? 'கிளினிக்ல கட்டில் இல்லையே, பல்லுப் பிடுங்கற நாற்காலி மட்டும்தானே இருக்கு'ங்கறா!"

பள்ளிக்குழு உறுப்பினர் இருமினார். அது இருமல்தானா என்று சொல்ல முடியவில்லை.

"அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. பொண்ணு நல்லா கேள்வி கேக்கணும்னுதான் இந்த ஸ்கூல்ல சேத்தேன். என்னைக் கேக்கணும்னு இல்ல."

ஆமையின் அம்மா கைப்பையை மடியில் வைத்து, அதன் பிடியைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

தலைமை ஆசிரியை நல்லவர். பேராசிரியையை இந்தப் பள்ளிக்குள் ஒன்பது வருடத்துக்கு முன் கூட்டி வந்ததே அவர்தான். இப்போது பேனாவைத் திறந்து, வழியையும் திறந்து வைத்தார்.

"மேடம், நீங்க வகுப்புல பொதுவா ஒரு விஷயம் பேசினீங்க. குழந்தை அதைத் தன் வீட்டோட சேத்துக்கிட்டா. நீங்களா எதுவும் தூண்டி விடல. அப்படித்தானே? அப்படியே எழுதிக்கறேன்."

துறைத் தலைவர் வேகமாகத் தலையாட்டினார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். இருபத்தாறு வருடம் தப்பிக்கும். பேராசிரியைக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"இல்ல" என்றாள். "நான்தான் சொன்னேன். 'வீட்டுல போய் கேட்டுப் பாரேன்'னு சொன்னேன். ரெகார்டிங் இருக்கு."

பேனா நின்றது.

"என்கிட்ட பயிற்சிக்கு வர்ற ஆசிரியர்களுக்கு முதல் நாளே ஒண்ணு சொல்லுவேன். குழந்தை தன் வீட்டு விஷயத்தைத் தொட்டா, கிண்டாதீங்க. வீட்டுக்கும் துரத்தாதீங்க. வகுப்பு முடிஞ்சப்புறம் பக்கத்துல உக்காந்து, உனக்கு யார்கிட்ட பேசினா நல்லா இருக்கும்னு கேளுங்கன்னு. அன்னிக்கு நான் அப்படிச் செய்யல. ஒரு ஒன்பது வயசுக் குழந்தையைத் தனியா அனுப்பிட்டேன். பெரியவங்களே கேக்கப் பயப்படற ஒரு விஷயத்தை அவ தலையில ஏத்தி அனுப்பினேன். தப்பு என்னோடது. குழந்தையோடது இல்ல."

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. அந்த நாற்பத்தொரு விநாடியில் தன் எதிரில் ஒரு குழந்தை இல்லை, தன் வீட்டு முன்னறைக் கதவுதான் இருந்தது என்று சொல்லியிருப்பாளா? நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை. தப்பை ஒப்புக்கொண்டவரிடம் காரணம் கேட்க யாருக்கும் அவசியமில்லாமல் போய்விடுகிறது.

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை முதல் இந்தப் பள்ளியில் தத்துவ வகுப்பு இல்லை. பிள்ளைகளிடம் அவள் எந்த வகையிலும் தொடர்பு வைக்கக் கூடாது. மற்றப் பள்ளிகளுக்கும் தகவல் போகும். ஆய்வு மாணவி பெயரை அறிக்கையில் சேர்க்க வேண்டாம், அவள் இதுவரை எடுத்த குறிப்புகளைத் தடுக்க வேண்டாம் என்று பேராசிரியை ஒன்றே ஒன்று கேட்டாள். தலைமை ஆசிரியை அதை எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் நிமிரவே இல்லை.

வெளியே வராந்தாவில் துறைத் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"பொய் சொல்லச் சொல்லல நான். சும்மா வாயை மூடிட்டிருக்கத்தான் தலையாட்டிக் காட்டினேன். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கறதுன்னா இதுதான். அடுத்த வருஷம் உங்க பயிற்சி வகுப்புக்கு ஆள் சேக்கறது கஷ்டம். நான் இப்பவே சொல்லிடறேன்."

"சரி சார்."

"சரியா? அவ்வளவுதானா?"

நாலாம் வகுப்பு ஜன்னல் வழியாக ஒரு கை ஆடியது. ராக்கெட்டோ இடியோ, தெரியவில்லை. பதிலுக்குக் கை ஆட்டலாமா, அதுவும் தொடர்பு கணக்கில் வருமா என்று யோசித்துக்கொண்டே அவள் படி இறங்கினாள்.

* * *

பேருந்து நிறுத்தத்தில் யாரோ பின்னாலிருந்து, "டீச்சர்" என்றார்கள்.

ஆமையின் அம்மா. தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நிழற்கூரையின் உள்பக்கமாக வந்து நின்றாள்.

"அவர் காரை எடுக்கப் போயிருக்கார். ரெண்டு நிமிஷம்தான். நீங்க அங்க சொன்னது... நன்றி சொல்லணுமா, திட்டணுமான்னு தெரியல."

"திட்டுங்க. பரவாயில்ல."

"அவ இப்போ ஒண்ணுமே கேக்கறதில்ல டீச்சர்." கைப்பையின் பிடி மறுபடி முறுகியது. "அன்னிலேருந்து. சாப்பிடறியான்னா சரி. படுன்னா சரி. முந்தியெல்லாம் பல்லு விளக்கச் சொன்னாலே பத்துக் கேள்வி வரும், எங்களுக்குத் தலைவலி வரும். இப்போ வீடு அமைதியா இருக்கு. அவ அப்பா நிம்மதின்னு சொல்றார். எனக்குப் பயமா இருக்கு. தன்னாலதான் எல்லாம் உடைஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

"நீங்க அவகிட்ட..."

"நான் என்ன சொல்ல? ரெண்டு வருஷமா எனக்கும் தெரியும், அங்க கட்டில் இல்லைன்னு." அவள் தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "நீங்க ஒருதடவை வந்து பேசுங்களேன்."

பேராசிரியையின் வாயில் 'வரேன்' என்ற சொல் வந்துவிட்டது. விழுங்கினாள். இப்போதுதான் ஒரு விதியை மீறினதற்குத் தண்டனை வாங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். குறிப்பேட்டை எடுத்து, தூணில் வைத்து, பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள்.

'ஆமைக்கு. நீ கேட்டது நல்ல கேள்வி. அதைத் தனியாகக் கேட்கும்படி உன்னை அனுப்பியதுதான் தப்பு. அந்தத் தப்பு என்னுடையது. நீ கேட்பதற்கு முன்பே அது அங்கே இருந்தது. நீ எதையும் உடைக்கவில்லை.'

கிழித்துக் கொடுத்தாள். "நேர்ல வரக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. இதுவும் கூடாதுதான். கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா இதைவிட, உங்க வாயால நீங்க சொன்னா அவளுக்குப் போதும்."

அந்த அம்மா இரண்டு முறை படித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைக்காமல் உள்ளங்கையிலேயே பொத்திக்கொண்டாள். ஹார்ன் சத்தம் கேட்டது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

பேருந்தில் கூட்டம் இல்லை. பேராசிரியைக்குப் பக்கத்து இருக்கை கடைசி நிறுத்தம் வரை காலியாகவே வந்தது.

* * *

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டைகள். மடித்ததை அலமாரியில் வைக்காமல் சோபாவில் அடுக்கியிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"வகுப்பு போச்சு" என்றாள் பேராசிரியை. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்ததைச் சொன்னாள். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் ஒரு சட்டையை எடுத்து மறுபடி மடித்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? எனக்கு ஆறு வயசுல நான் கேட்டதெல்லாம் உன் புத்தகத்துல இருக்கு. 'குழந்தை ஒன்று'ங்கற பேர்ல. காலேஜ்ல ஒருத்தி அதைப் படிச்சுட்டு, என்ன அழகான குழந்தைன்னா. நான்தான் அதுன்னு சொல்லல. ஏன் தெரியுமா? அதுல ஒரு பக்கத்துல, 'செத்துப்போனா அம்மா எங்க இருப்பே'ன்னு கேட்டிருக்கேன். அதுக்குக் கீழ நீ எழுதியிருக்க, 'காலமும் இடமும் பற்றிய முதல் கேள்வி'ன்னு. எனக்கு அன்னிக்குப் பயமா இருந்துச்சும்மா. அவ்வளவுதான். நீ நோட்டை எடுத்த. தூக்கிக்கல."

பேராசிரியை சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். பயிற்சி வகுப்பில் வருடா வருடம் படித்துக் காட்டுகிற பக்கம்.

"இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"இல்ல." மகள் சட்டைகளைப் பார்த்தாள். "அப்பாதான் வரச் சொன்னார். வெளிய ஒரு ரூம் எடுத்திருக்கார். ஞாயித்துக்கிழமை போறாராம். அம்மா தனியா இருக்கக் கூடாது, நீ ஒரு வாரம் கூட இருன்னார். அவரே உன்கிட்ட சொல்லுவார்னு நாலு நாளா காத்துக்கிட்டிருக்கேன்."

ஒரு வருடமாக எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அடுக்கின் மேலிருந்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு அவர் வந்தார். சோபாவில் சட்டை அடுக்கு, இரண்டு பெண்களின் முகம். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் சொல்லிட்டேன்ப்பா" என்றாள் மகள்.

அவர் பையை இறக்கி வைத்தார். பேராசிரியை எழுந்திருக்கவில்லை. காலையில் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்து பேசிய அதே குரல் அவளிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"யார் அவங்க?"

"எவங்க?"

"நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை ஓவர்டைம்னு போயிட்டு வர்றீங்களே, அவங்க."

அவர் நிஜமாகவே புரியாமல் விழித்தார். பிறகு புரிந்தது. சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் செத்தது.

"அவங்க இல்லம்மா. அவர்."

சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி.

"போன வருஷம் ஒரு ஆறு மாடிக் கட்டடம். வருஷாந்திரச் சோதனை. லிஃப்ட்டுக்கு அடியில ஒரு குழி இருக்கும். அதுக்குள்ள ஒரு சிவப்பு ஸ்விட்ச். ரிப்பேருக்கு யாராவது உள்ள இறங்கினா அதை அமுக்குவாங்க, அமுக்கிட்டா லிஃப்ட் அசையக் கூடாது. நான் இறங்கி அதை அமுக்கிப் பாக்கணும். அன்னிக்கு மழை. குழியில முழங்கால் அளவு தண்ணி. மேலேருந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன்."

மகள் மடித்துக்கொண்டிருந்த சட்டை அப்படியே கையில் நின்றது.

"மூணு வாரம் கழிச்சு ஒரு மெக்கானிக் இறங்கினார். ஸ்விட்சை அமுக்கினார். லிஃப்ட் நிக்கல, கீழ வந்துடுச்சு. இடது கால். தொடையோட எடுத்துட்டாங்க." அவர் தன் தொடையில் கையால் ஒரு கோடு காட்டினார். "விசாரணையில நான் சோதிச்சேன்னு சொன்னேன். தண்ணி அப்புறமா புகுந்து ஸ்விட்ச் கெட்டிருக்கும்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க. என்மேல தப்பில்லைன்னு முடிஞ்சுது."

"அப்போ போன்ல நீங்க கேட்டதெல்லாம்..." மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "ஃப்ரெண்டோட அண்ணனுக்குன்னு சொல்லி, தொடைக்கு என்ன எக்சர்சைஸ், வலிச்சா நிறுத்தணுமான்னு. அதெல்லாம் அவருக்கா?"

"ஆமா கண்ணு. நீ சொன்னபடி சனிக்கிழமை சனிக்கிழமை போய்ச் செய்ய வைப்பேன். இப்போ கம்பைப் பிடிச்சுத் தெருக்கோடி வரைக்கும் நடக்கறார்."

பேராசிரியை, ஒரு வருடமாக மனசுக்குள் ஒரு பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள். அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் கொடுத்து, குரல் கொடுத்து, தன்னைவிடப் பத்து வயது குறைத்து வைத்திருந்தாள். அந்தப் பெண் இல்லவே இல்லை என்று தெரிந்தும் ஆறுதலாக இல்லை. அவள் இருந்திருந்தால்கூட இவரை இவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்க மாட்டாள் என்று தோன்றியது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் எதிர்ல உக்காந்தா கேட்டுடுவியோன்னு பயம். கேக்கலையேன்னு கோவம். ரெண்டும்தான். அதான் ரூம்."

தெருவில் ஏதோ வண்டி வந்து நின்று, திரும்பிப் போயிற்று.

"அவருக்கு நான் யாருன்னு இதுவரைக்கும் தெரியாது" என்றார் அவர். "தொழிலாளர் சங்கத்துலேருந்து வரேன்னு சொல்லி, வேற பேர் சொல்லியிருந்தேன். இந்த வாரம் விசாரணை அறிக்கை நகல் அவர் கைக்குப் போயிருக்கு. கடைசிப் பக்கத்துல என் கையெழுத்து. ஆஸ்பத்திரியில கூட வந்தவர்னு பழக்கத்துல நான் போட்ட நிஜக் கையெழுத்தும் அவர்கிட்ட இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்திருக்கார். நேத்து போன் பண்ணார்."

"திட்டினாரா?"

"இல்ல. 'சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க, வரும்போது வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க'ன்னார். வச்சுட்டார்."

"என்னை எதுக்கு?"

"தெரியல. கேக்கற தைரியம் வரல."

பேராசிரியை அந்தச் சட்டை அடுக்கைப் பார்த்தாள். இன்று ஒரே நாளில் தொழில் போயிற்று. ஒரு குழந்தையின் பேச்சு அவளால் நின்றுபோயிருந்தது. மகளின் பயம் இருபது வருடம் கழித்துக் காதில் விழுந்தது. இப்போது இது. அழலாம் என்று பார்த்தால், எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை.

"எத்தனை பஸ் மாறணும்?" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "ரெண்டு. எட்டு மணிக்குக் கிளம்பினாப் போதும்."

"உங்களுக்காகப் பரிஞ்சு பேச நான் வரல. அவர் கேட்டா நீங்கதான் சொல்லணும்."

"சரி."

"விசாரணையில சொன்னதை இல்ல. நடந்ததை."

"சரிம்மா" என்றார். எழுந்து முன்னறைக்குப் போனார். மகள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்துக்கு நடுவில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பேராசிரியை போய்ப் பின்னால் நின்று மகளின் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மகள் விலகவில்லை. சாய்ந்துகொள்ளவும் இல்லை.

சற்றுப் பொறுத்து முன்னறையிலிருந்து அவர் குரல் கேட்டது. போனில் பேசுகிறார் என்று நினைத்தாள். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் குழிக்குள்ள இறங்கல. ஆனா, அன்னிக்கு மழை."

நிறுத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் இறங்கல. ஆனா, தண்ணி முழங்கால் அளவு நின்னுச்சு."

மறுபடி நிறுத்தம். கட்டில் கிறீச்சிட்டது.

"நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனா..."

மூன்று தடவை. மூன்றிலும் அந்தச் சொல் வந்து குறுக்கே விழுந்தது. கதவுக்கு வெளியே நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வருடத்தில் அந்தக் கதவுக்கு இவ்வளவு அருகில் அவள் வந்ததில்லை. விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே பேச்சு சட்டென்று நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். "அந்த 'ஆனா'வை விட்டுட்டு."